பிணம் போல் படுத்தேன்

தூக்கம் வராத வியாதியை எங்கள் தெருவில் யாரும் வியாதியாக மதித்ததில்லை. "சொல்தா பொண்டாட்டிக்கு என்னடி கொறச்சல், எல்லாம் திமிரு" என்பார்கள். பிரெஞ்சுப் பட்டாளத்துக்குப் போனவர்களைக் காரைக்காலில் சொல்தா என்போம். என் கணவரும் சொல்தாதான். கல்யாணமான கையோடு பிரான்சுக்குப் போனவர், என்னை அழைத்துக்கொள்வதாகச் சொல்லிச் சொல்லியே எழுபதுகள் முடிந்துவிட்டன. அவருக்காகக் காத்திருப்பது ஒன்றுதான் அந்த வீட்டில் எனக்கு இருந்த வேலை. மாமியார் அதை மேற்பார்வை பார்த்தார். தூக்கமில்லாமல் தலை சுற்றி ஒருநாள் கிணற்றடியில் விழுந்தேன்.

டாக்டர் யோகாசனம் பழகச் சொன்னார். பெண்கள் பள்ளியின் டிரில் டீச்சர் மாலையில் கற்றுக்கொடுத்தார். கடைசி ஆசனம் ஒன்றைத் தவிர மற்றதெல்லாம் எனக்குத் தண்டனைதான்.

"சவாசனம்னு பேரைக் கேட்டுப் பயப்படாதீங்க. கை காலைத் தளர விட்டுடுங்க. மூச்சு வர்றதையும் போறதையும் மட்டும் பாருங்க. யாரையும் எதிர்பாக்காம கெடங்க" என்றார் டீச்சர்.

யாரையும் எதிர்பார்க்காதே என்று அதுவரை என்னிடம் ஒருவரும் சொன்னதில்லை. அங்கேயே தூங்கிப்போனேன்.

பிறகு வீட்டிலும் மதியத்தில் அப்படிப் படுத்தேன். கொஞ்ச நேரமாவது கண் அசந்தது. அதை வைத்துக்கொண்டுதான் மீதிப் பொழுதை ஓட்டினேன்.

மாமியார் போலகத்தில் மகள் வீட்டுக்குப் போயிருந்த ஒருநாள், ஈ மொய்க்கிறதே என்று வெள்ளை வேட்டியை முகம்வரை இழுத்துப் போர்த்திக்கொண்டு கூடத்தில் படுத்திருந்தேன். காரைக்கால்மேட்டிலிருந்து வழக்கமாக வரும் மீன்காரம்மா உள்ளே எட்டிப் பார்த்தாள். கூடை விழுந்த சத்தம் கேட்டது. அடுத்து அவள் மாரில் அடித்துக்கொண்டாள்.

"அடி மவராசி, போயிட்டியா! கடல் தாண்டிப் போன பாவி வருவான் வருவான்னு காத்துக் கெடந்தே செத்தியேடி!"

நான் எழுந்திருக்கவில்லை. எழ முடியாமல் இல்லை. என் நிலைமையை ஒருத்தி தெருவுக்கே கேட்கும்படி சொல்கிறாளே, சொல்லி முடிக்கட்டும் என்றிருந்தது. எனக்கும் அழுகை பொங்கிக்கொண்டு வந்தது. யாரோ வேட்டியை விலக்கினார்கள்.

"அய்ய, அழுவுறாடி! உசுரு இருக்கு!"

ஓடிவந்த பெண்களெல்லாம் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள். திரும்பிவந்த மாமியார் சிரிக்கவில்லை.

"எம்புள்ள குத்துக்கல்லாட்டம் இருக்கான். வூட்டுக்குள்ள பொணமாட்டம் படுத்து அவனுக்குக் கேடு தேடுறியா?"

அன்றோடு சவாசனம் நின்றது. டீச்சரிடம் சொன்னேன். "பரவால்ல, மத்ததைச் செய்யுங்க" என்றார். செய்தேன். உடம்பு சொன்னபடி வளைந்தது. தூக்கம் வரவில்லை. என் கணவரும் வரவில்லை. எனக்காக வாய்விட்டு அழுத அந்த ஒருத்தியையும், அபசகுனம் என்று மாமியார் படியேற விடவில்லை.