ஏழாம் அறைக்காகக் கற்ற ஸ்பானிஷ்

அந்தக் கிழவி ஒவ்வொரு காலையும் என்னை ஆசீர்வதிக்கிறாள் என்றுதான் நான் முதலில் நம்பியிருந்தேன். குனிந்து அவளுக்குக் காலுறை மாட்டும்போது, என் தலைக்கு நேரே கையை நீட்டி, கண்ணை மூடி, ராகம் போட்டு நீளமாக ஏதோ சொல்வாள். ஸ்பானிய மொழி. எனக்கு விளங்கியது கடைசியில் வரும் 'ஆமென்' மட்டும். அதை நானும் கூடச் சேர்ந்து சொல்வேன். சைவ சமயக்காரன் சொன்னால் ஒட்டாது என்று எந்தச் சட்டமும் இல்லையே. வீட்டுக்குப் போய் மனைவியிடம் பெருமையாகச் சொன்னேன்: "நல்ல மனுசி, ஒவ்வொரு நாளும் விடிய என்னை வாழ்த்துறா."

அது ஜெர்மனியில் ஹம் நகரத்தில் ஒரு முதியோர் இல்லம். நான் பதினைந்து வருடம் வேலைக்கு நின்ற தொழிற்சாலையை மூடிவிட்டார்கள். நாற்பத்தாறு வயதில் பராமரிப்பு உதவியாளனாக இங்கே வந்து சேர்ந்தேன். ஆறு மாதம் வைத்துப் பார்ப்பார்கள். பிடித்தால் நிரந்தரம், இல்லையென்றால் கதவு. குடியுரிமைக்கு அன்ட்ராக், அதாவது விண்ணப்பம், போடுவதற்கு அந்த நிரந்தரம் வேண்டியிருந்தது. மனைவி மற்றப் பத்திரங்களையெல்லாம் சேர்த்து உறையில் போட்டுவிட்டாள். மிச்சம் நான்தான்.

ஏழாம் அறைக் கிழவி அறுபதுகளில் கம்பித் தொழிற்சாலை வேலைக்காக ஸ்பெயினிலிருந்து வந்தவள். நாற்பது வருடம் டொச், அதாவது ஜெர்மன் மொழி, பேசியிருக்கிறாள். மறதி நோய் வந்து அந்த டொச் முழுவதையும் துடைத்துவிட்டது. இல்லத்தில் யாராவது பேசினால், நாய் குரைப்பதைப் பார்ப்பதுபோலப் பார்ப்பாள். குளிக்க மாட்டாள், விழுங்க மாட்டாள், கைக்கு எட்டினால் கடிப்பாள். எனக்கு முன்னால் இரண்டு பேர் அவளுக்குப் பயந்தே வேலையை விட்டு ஓடியிருந்தார்கள்.

இரண்டாம் மாதம் பொறுப்பாளர் அம்மா என்னைக் கூப்பிட்டார். "ஏழாம் அறை அமைதியாக இருந்தால் உங்களை வைத்துக்கொள்ள எனக்குக் காரணம் கிடைக்கும்" என்றார். அமைதியாக இல்லாவிட்டால் என்ன கிடைக்கும் என்று அவர் சொல்லவில்லை. பயம் வந்தால் எனக்கு மூளை நின்றுவிடும், வாய் ஓடத் தொடங்கும். "நான் ஸ்பானிஷ் படிக்கிறேன். ஒரு மாதம் போதும்" என்று வாய் சொன்னது.

அந்த இல்லத்தில் இன்னொரு யாழ்ப்பாணத்துப் பிள்ளை வேலை செய்தாள். உடுப்பு வண்டியைத் தள்ளிக்கொண்டு வந்தவள் அதைக் காதில் வாங்கிவிட்டாள்.

"அண்ணை, இருவது வருசமா இஞ்ச இருக்கிறியள், டொச்சே இன்னும் வடிவா வரேல்லை."

"டொச் கஷ்டமான பாஷை பிள்ளை. ஸ்பானிஷ் சும்மா."

"ஆர் சொன்னது?"

"புத்தகத்தின்ரை அட்டையிலை போட்டிருக்கு. முப்பது நாள்."

"ஓம் ஓம், அட்டையிலை சிரிக்கிறவன் முப்பதாம் நாள் எடுத்த படம் போலை."

நூலகத்தில் புத்தகமும் ஒலித்தட்டும் எடுத்துவந்தேன். எனக்குத் தெரிந்த படிப்பு ஒன்றுதான்: சோதனைக்குப் படிப்பது. முதல் பக்கத்திலிருந்து கடைசிப் பக்கம் வரை பாடமாக்குவது. கேள்வியையும் பாடமாக்கினேன், பதிலையும் பாடமாக்கினேன். நெஞ்சோடு புத்தகத்தை அணைத்துக்கொண்டு, உரத்துச் சொல்லியபடி வீட்டுக் குசினிக்குள் மேலும் கீழும் நடந்தேன்.

"இஞ்சேருங்கோ," என்றாள் மனைவி, "மேல்வீட்டு மனுசி வந்து கேட்டிட்டுப் போறா, இஞ்ச ஆருக்கேன் சுகமில்லையோ எண்டு."

ஒரு மாதம் முடிந்த அன்று ஏழாம் அறையில் நிமிர்ந்து நின்று முதலாம் பாடத்தை எடுத்துவிட்டேன். "வணக்கம். கடலைப் பார்த்த அறை ஒன்று எனக்கு வேண்டும்."

கிழவி வாயைத் திறந்தபடி பார்த்தாள். பிறகு ஏதோ சொன்னாள். புத்தகத்தில் இல்லாத பதில்! புத்தகத்து விடுதிக்காரன் 'எத்தனை நாளைக்கு?' என்றல்லவா கேட்க வேண்டும். பதறிப்போய் அவனுடைய வசனத்தையும் நானே சொன்னேன். பிறகு என்னுடையது. பிறகு அவனுடையது. நானே கேட்டு, நானே அறை கொடுத்து, சாவியும் வாங்கிக்கொண்டேன். அவள் பல்செட் ஊறிக்கிடந்த கோப்பையைத் தூக்கி எறிந்தாள். குறி தப்பவில்லை.

அதன்பிறகுதான் ஒழுங்காகப் படிக்கத் தொடங்கினேன். சட்டைப்பையில் ஒரு சின்னக் கொப்பி. அவள் வாயிலிருந்து வருவதை அப்படியே தமிழ் எழுத்தில் எழுதுவேன், ஒரு நாளைக்குப் பத்துக்கு மேல் இல்லை. வீட்டுக்குத் திரும்பும் ரயிலில் அகராதியைப் பார்த்துச் சிறு அட்டைகளில் ஏற்றுவேன். முன்பக்கம் ஸ்பானிஷ், பின்பக்கம் தமிழ். தெரிந்த அட்டை, அடுக்கிவைத்த சப்பாத்துப் பெட்டிக்குள் பின்னால் போகும், தெரியாதது முன்னால் நிற்கும். ஒலித்தட்டில் ஒரே பாடத்தை, பேசுகிறவனும் நானும் ஒரே மூச்சில் முடிக்கும்வரை போட்டுக் கேட்பேன். அடுத்த நாள் சரியோ பிழையோ அவள் முகத்துக்கு நேரே சொல்லிப் பார்ப்பேன். நல்ல முறை, யாருக்கும் சிபாரிசு செய்வேன். ஆசிரியையை மட்டும் நீங்கள் வேறு இடத்தில் தேடிக்கொள்ளுங்கள்.

ஏனென்றால் அட்டைகள் ஒவ்வொன்றாக விளங்கத் தொடங்கின. முதல் அட்டை: கறுவல். அடுத்தது: நாறுகிற. அடுத்தது: கை. ஒரு கிழமையில் ஆசீர்வாதம் முழுவதையும் கோத்துவிட்டேன். 'ஆண்டவரே, இந்தக் கறுவலின் நாறுகிற கை இரண்டும் இன்றைக்கே அழுகி விழட்டும், ஆமென்.' எத்தனை காலை நானும் சேர்ந்து ஆமென் சொல்லியிருக்கிறேன்! இதைக் கேட்ட யாழ்ப்பாணத்துப் பிள்ளை சிரித்துச் சிரித்து உடுப்பு வண்டியிலேயே உட்கார்ந்துவிட்டாள். "அண்ணை, கையைக் காட்டுங்கோ பாப்பம், கழண்டு விழுதோ எண்டு."

எனக்கு விளங்குகிறது என்று தெரிந்ததும் கிழவிக்கு உயிர் வந்துவிட்டது. ஜன்னலைத் திற, மூடு, தலையணையை உயர்த்து, மூடனே, அப்படியில்லை. இத்தனைக்கும் நடுவில் ஒரு கேள்வி: "என் மகன் எத்தனை மணிக்கு வருகிறான்?"

மகன் மோட்டார் சைக்கிள் விபத்தில் இறந்து பன்னிரண்டு வருடம். அவள் கேட்டால் 'பின்னேரம் வருவான்' என்று சொல்ல வேண்டும் என்பது இல்லத்து விதி. நான் அதை அட்டையில் எழுதிப் படித்து, ஒரு நாளைக்கு முப்பது தடவை சொன்னேன். சொன்னால் வாயைத் திறப்பாள். ஒரு கரண்டிக்கு ஒரு பொய். என் ஸ்பானிஷ் வேலை செய்தது என்பதை யாரும் மறுக்க ஏலாது.

ஆறாம் மாதத்தின் கடைசிக் கிழமை. பத்து மணிக்குப் பொறுப்பாளர் அம்மா வந்து நான் உணவூட்டுவதை நேரில் பார்த்து அறிக்கை எழுதப்போகிறார். ஒன்பதே முக்காலுக்குக் கிழவி வாய் நிறைய ஓட்ஸ் கஞ்சியை வைத்திருந்து என் முகத்தில் துப்பினாள். வெள்ளைச் சட்டை முழுவதும் கஞ்சி. மாற்றுச் சட்டை இல்லை. என் பெயரை அழித்துக் கீறுகிற பேனா படி ஏறி வருவது காதில் கேட்டது, அவ்வளவு பதற்றம். கிழவி வாயைத் துடைத்துக்கொண்டு, நீ பிறந்த அன்றே உன்னைப் பெற்றவள் கிணற்றில் போட்டிருக்க வேண்டும் என்றாள். பிறகு அதே மூச்சில் கேட்டாள்: "என் மகன் எத்தனை மணிக்கு வருகிறான்?"

"வரமாட்டான்" என்றேன். "உன் மகன் செத்துப்போனான். பன்னிரண்டு வருடமாகிறது. இனி யாரும் வரமாட்டார்கள்."

புத்தகத்தில் இல்லாதது, அட்டையில் இல்லாதது, நானாகச் சொன்ன முதல் ஸ்பானியப் பேச்சு. தடுமாற்றமே இல்லை. சொல்லி முடித்ததும் எனக்கு முதலில் வந்தது பெருமை. அதை இங்கே மறைத்து என்ன செய்ய?

"யார் சொன்னது?" என்று மெதுவாகக் கேட்டாள். அதுவும் எனக்குத் துல்லியமாக விளங்கியது.

நான் உடனே, "பின்னேரம் வருவான், பின்னேரம் வருவான்" என்று நாலைந்து தடவை சொன்னேன். அவள் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

பத்து மணிக்குப் பொறுப்பாளர் அம்மா வந்தார். கரண்டி கிட்டப் போனதும் கிழவி வாயைத் திறந்தாள், விழுங்கினாள், திறந்தாள், விழுங்கினாள். கிண்ணம் காலியானது.

"அற்புதம்! அவரிடம் என்ன சொன்னீர்கள்?"

"கொஞ்சம் ஸ்பானிஷ் கதைத்தேன்" என்றேன்.

அவள் அதன்பிறகு கடிக்கவில்லை, துப்பவில்லை, மகனைக் கேட்கவில்லை. எந்த மொழியிலும் ஒரு சொல் பேசவில்லை. வெள்ளிக்கிழமை என்னை நிரந்தரமாக்கினார்கள். காரணம் என்ற இடத்தில், குடியிருப்பாளர் ஒருவரின் தாய்மொழியைச் சொந்த முயற்சியில் கற்று அவரை அமைதிப்படுத்தினார் என்று எழுதியிருந்தது.