ஆறு கட்டத் தூரத்தில் ஒரு சாவு

என் ஆள் செத்துப்போனது ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம், குன்றத்தூரில் எங்கள் வாடகை வீட்டுக் கூடத்தில், பிரியாணி ஆறிக்கொண்டிருந்தபோது. ஆள் என்றால் ரத்தமும் சதையுமான ஆள் இல்லை. சார்ட் தாளில் கட்டம் போட்டு, பகடை உருட்டி, பூதங்களோடு சண்டை போடும் விளையாட்டில் நான் உருவாக்கி வைத்திருந்த ஒரு வேவுக்காரன். இரண்டு வருடமாக அவன் உயிரோடு இருந்தான்.

மற்ற நாட்களில் நான் ஒரகடத்தில், கார் பாகங்கள் செய்யும் தொழிற்சாலையில், ஒரே இடத்தில் நிற்கிறேன். லைன் பொருளைக் கொண்டுவரும், நான் போல்ட்டை முடுக்குவேன், லைன் கொண்டுபோகும். உலகமே என்னைத் தேடி வருகிறது என்று பெருமைப்பட்டுக்கொள்ளலாம். அதனாலேயோ என்னவோ, வேவுக்காரனுக்கு வேகத்தை வாரிக் கொடுத்திருந்தேன். சுவர் ஏறுவான், கூரை தாவுவான், யாரும் தொடுவதற்குள் அடுத்த தெருவில் இருப்பான். வாரம் முழுக்க நின்ற கால் ஞாயிற்றுக்கிழமை அவனோடு சேர்ந்து ஓடும்.

எங்கள் குழுவில் வைத்தியன் ஒருவன் உண்டு. லைனில் எனக்கு அடுத்த ஸ்டேஷனில் நிற்பவன், பக்கத்துக் கிராமத்துக்காரன். தொட்டால் காயம் ஆற்றும் மந்திரம் அவனிடம் இருந்தது. கதையை நடத்துபவன் தரப் பரிசோதனைப் பிரிவில் இருக்கும் திருநெல்வேலி நண்பன். பூதமும் அவனே, சட்டமும் அவனே.

இந்த விளையாட்டில் வாளைவிட முக்கியம் நடை. ஒரு கட்டம் ஐந்து அடி. ஒரு முறைக்குச் சாதாரண ஆள் ஆறு கட்டம் போகலாம். இடிபாட்டில் நடந்தால் ஒரு கட்டம் இரண்டாகக் கணக்காகும். எதிரி பக்கத்தில் நிற்கும்போது சும்மா விலகினால் அவனுக்கு இலவசமாக ஒரு அடி போட உரிமை உண்டு. சொல்லாமல் இடத்தைவிட்டு நகர்ந்தால் மண்டையில் விழும் என்ற விதியை எங்களுக்கு யாரும் விளக்க வேண்டியிருக்கவில்லை. பறக்கும் பூதத்தை மறுபேச்சில்லாமல் நம்புகிறவர்கள் அரைக் கட்டத்துக்காக அரை மணி நேரம் மல்லுக்கட்டுவோம். என் மனைவி தண்டலத்தில் ஒரு கல்லூரியில் பாடம் எடுப்பவள். விடைத்தாள் திருத்திக்கொண்டே எங்கள் சண்டையைக் கேட்பாள். மாணவர்களே தேவலை என்பாள்.

அன்றைக்குச் சண்டை ஒரு சிம்மாசன மண்டபத்தில். நண்பன் படம் வரைந்தபோது ஸ்கெட்ச் பேனாக்களில் மஞ்சள் மட்டும்தான் காயாமல் இருந்தது. வாசலிலிருந்து நேராகப் போய், வலது பக்கம் திரும்பி, சிம்மாசனம் வரைக்கும் இரண்டு மஞ்சள் கோடுகள் இழுத்தான். "இது கம்பளம், பாத்துக்கிடுங்க" என்றான். பார்த்துக்கொண்டோம்.

காவல் பூதம் சிம்மாசனத்துக்குப் பக்கத்தில் வேவுக்காரனை ஒரே அடியில் வீழ்த்தியது. நினைவில்லாமல் கிடப்பவன் ஒவ்வொரு முறையும் இருபது முகப் பகடையை உருட்ட வேண்டும். மூன்று தடவை பத்துக்குக் குறைவாக விழுந்தால் சாவு. எனக்கு இரண்டு முடிந்திருந்தது. வாசலில் நின்ற வைத்தியன் இந்த முறை வந்து தொட்டால் பிழைப்பேன், இல்லாவிட்டால் பகடை பார்த்துக்கொள்ளும்.

"வந்துகினே கீறேன், கவலப்படாத" என்று வைத்தியன் தன் ஆளாக வைத்திருந்த வெள்ளை கேரம் காயை எடுத்தான். கம்பளத்தின் மேலேயே நகர்த்தினான். திருப்பத்தில் காயை ஒரு கணம் நிறுத்தினான். பிறகு வலது பக்கம் திருப்பினான். ஆறு கட்டம் தீர்ந்தது. எனக்கும் அவனுக்கும் நடுவில் இன்னும் மூன்று கட்டம் இருந்தது.

"சே, எட்டலையே மச்சான்" என்றான். எனக்கும் வருத்தம்தான். எட்டாத தூரத்துக்கு என்ன செய்ய முடியும்?

மனைவி தலையை நிமிர்த்தினாள். "ஏன், நேரா குறுக்க வந்திருக்கலாம்ல?"

"மஞ்சக் கோடு கீதே அண்ணி."

"கம்பளம்னுதானே சொன்னாரு. கம்பளத்தவிட்டு எறங்கக் கூடாதா?"

மூன்று பேரும் சார்ட்டைப் பார்த்தோம். குறுக்கே எண்ணினால் சரியாக ஆறு கட்டம். வழியில் கல் இல்லை, பூதம் இல்லை. தொழிற்சாலையில் நடைபாதைக்கு இரு பக்கமும் மஞ்சள் கோடு உண்டு. அதைத் தாண்டினால் சூப்பர்வைசர் அடையாள அட்டையைப் பிடுங்கிக்கொள்வார். திருப்பத்தில் நின்று, ஃபோர்க்லிஃப்ட் வருகிறதா என்று பார்த்துவிட்டுத்தான் திரும்ப வேண்டும். அவன் கேரம் காய்கூட நின்று பார்த்துவிட்டுத்தான் திரும்பியிருக்கிறது. வரைந்தவன் உட்பட எங்கள் யாருக்கும் அதில் தப்பே தெரியவில்லை.

திரும்ப ஆட விடு என்று கேட்டேன். பிறகு கெஞ்சினேன். பிறகு கத்தினேன். நண்பன் அசையவில்லை.

"கைய எடுத்தாச்சுல்லா. அடுத்த ஸ்டேஷனுக்குப் போன பீஸ நீ திருப்பி வாங்குவியாலே? உருட்டு."

உருட்டினேன். நாலு விழுந்தது.

எனக்கு அழுகை வந்தது. இதைக் கேலியாகச் சொல்லவில்லை. முப்பது வயதுக்கு மேல் ஆன ஒருவன், இல்லாத ஒருவன் செத்ததற்காகக் குளியலறைக் குழாயைத் திறந்துவிட்டு அழுதேன். வெளியே வந்தபோது மனைவி தட்டில் பிரியாணி வைத்தாள். வைத்தியன் அதற்குள் கிளம்பிப் போயிருந்தான்.

திங்கட்கிழமை கம்பெனி பஸ்ஸில் அவன் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தான். நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன். அவனுக்கென்று இரண்டு மூன்று நல்ல வசவுகளை இரவே தேர்ந்தெடுத்து வைத்திருந்தேன். ஒரகடத்தில் கேட் தெரிந்ததும் அவன் அட்டையைக் கழுத்தில் மாட்டிக்கொண்டே சொன்னான்.

"தப்பா எடுத்துக்காத மச்சான். ரொம்ப யோசிச்சுப் பாத்தேன். நெசமாவே நீ கம்பெனிக்குள்ள அடிபட்டு வுழுந்து கெடந்தாலும், நான் சுத்திகினுதான் வந்திருப்பேன்."

வசவு வாய்வரை வந்தது. அதற்குள் ஆட்களை இடம் மாற்றி நினைத்துப் பார்த்தேன். அவன் விழுந்து கிடக்கிறான், நான் என் இடத்தில் நிற்கிறேன், நடுவில் கோடு.

"நானும்தான்" என்றேன். பஸ் நின்றது. இரண்டு பேரும் வரிசையில் இறங்கினோம்.