பன்னிரண்டு யூரோ சாப்பாட்டுக்கு வழி சொன்ன அர்மிதா

ஜெனோவா ரயில் நிலையத்தில் பெட்டி வைக்கும் அறையின் ஜன்னலுக்குப் பின்னால் அர்மிதா புருட்சோனே உட்காரத் தொடங்கி இருபத்தாறு வருஷமாகிறது. கப்பலுக்கு ஆறு மணி நேரம் இருக்கிறவர்கள், அடுத்த ரயிலுக்கு நாலு மணி நேரம் இருக்கிறவர்கள், ஒரே பகலில் ஊரைப் பார்த்து முடித்துவிடலாம் என்று நம்பி இறங்கியவர்கள், எல்லோரும் அவளிடம் பெட்டியைக் கொடுத்துச் சீட்டை வாங்கியதும் ஒரே கேள்வியைத்தான் கேட்பார்கள். நன்றாகச் சாப்பிட வேண்டும், பர்ஸும் காலியாகக் கூடாது, எங்கே போகலாம்?

அர்மிதாவுக்கு இந்தக் கேள்வி என்றால் உயிர். கண்ணாடியைக் கழற்றி மேஜைமேல் வைத்துவிட்டு ஆரம்பிப்பாள்.

"பிரே தெருவுல போயி மூணாவது சந்துல திரும்புங்க. போர்டு கிடையாது, பச்சைக் கதவு. ஜெரோலமோன்னு ஒருத்தன். மூஞ்சியில சிரிப்பைத் தேடாதீங்க. காய்கறி சூப்பை ஆறவச்சுத்தான் குடுப்பான், கரண்டி நட்டுக்கிட்டு நிக்கும். மெனு கார்டு கேட்டா முறைப்பான். முன்னப்பின்ன தெரியாத ஆளைக் கொண்டாந்து உங்க மேஜையில உக்கார வைப்பான். பன்னெண்டு யூரோ, ஒயினும் அதுலயே. ஒயினுன்னதும் பெருசா நெனச்சுக்காதீங்க. போங்க, போங்க."

ஊர்க்காரன் எவனாவது இதைக் கேட்டிருந்தால் நின்ற இடத்திலிருந்தே அந்தப் பச்சைக் கதவை நோக்கி ஓடியிருப்பான். ஜெனோவாவில் பாராட்டு இப்படித்தான் வரும். புலம்ப அனுமதி உண்டென்றால் கூலி குறைந்தாலும் பரவாயில்லை என்று கப்பலேறிய மாலுமிகளின் வம்சம் இது. பிடிக்காத கடையைப் பற்றி இங்கே யாரும் வாயே திறப்பதில்லை, மூச்சை எதற்கு வீணாக்க வேண்டும்? பிடித்த கடையென்றால்தான் கதவிலிருந்து கரண்டி வரை குறை சொல்வார்கள்.

அர்மிதாவே பத்தொன்பது வருஷமாக வாரத்தில் ஆறு நாள், மதியம் ஒரு மணிக்கு அந்தப் பச்சைக் கதவைத் தள்ளிக்கொண்டு போய்ச் சாப்பிடுகிறவள்தான். கல்யாணம் என்று ஒன்று நடந்து இரண்டே வருஷத்தில் முடிந்தும் போயிருந்தது. அதற்குப் பிறகு வீட்டு அடுப்பில் அவள் காபியைத் தவிர எதையும் ஏற்றியதில்லை. சாப்பாடு என்றால் ஜெரோலமோவின் சாப்பாடு, சண்டை என்றால் ஜெரோலமோவுடன் சண்டை. இரண்டும் நேரத்துக்குக் கிடைத்தன.

அக்டோபரில் ஒரு திங்கட்கிழமை, கீரை அடைத்த பாஸ்தாவை முள்கரண்டியால் புரட்டிக்கொண்டே வழக்கம்போல் ஆரம்பித்தாள்.

"இந்த வால்நட் சாஸ்ல வால்நட்டைத் தேட வேண்டியிருக்கே."

"வெள்ளிக்கிழமை வரைக்கும் தேடிக்கோ" என்றான் ஜெரோலமோ. "அதுக்கப்புறம் தேட வேணாம். கடையை விக்கிறேன்."

"என்ன உளர்ற?"

"வெள்ளிக்கிழமை நாலு மணிக்குக் கையெழுத்து. காசு போட்டுத் துணி துவைக்கிற மெஷின் வைக்கப் போறாங்களாம். துறைமுகத்து ஆளுங்க வந்துட்டிருந்த காலம் போச்சு. நீயும் நானும் எதிரெதிர உக்காந்து மூஞ்சியைப் பாத்துக்கிட்டு எத்தனை நாளைக்கு ஓட்டறது?"

"நான்தான் தினமும் இருபது பேரை அனுப்பறேனே!"

"எங்க, நடுக்கடலுக்கா? ஒரு ஈ காக்கா வரல."

அர்மிதாவுக்குக் கோபம் தலைக்கேறியது. பொய் சொல்கிறான், அதுவும் முகத்துக்கு நேரே. ஒரு மணிக்குக் கடை காலியாக இருந்தாலும், தான் அனுப்புகிறவர்கள் தான் எழுந்துபோன பிறகு வருகிறார்கள் என்றே அவள் நினைத்திருந்தாள். பாஸ்தாவைப் பாதியில் வைத்துவிட்டு வெளியே வந்தாள். சந்து முனை வரைதான் கோபம் தாங்கியது. அங்கே சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றாள். ஒரு மணி அடிக்கும், அவளுக்குப் போக இடம் இருக்காது. அந்தச் சிடுமூஞ்சி இல்லாத மதியத்தை அவளால் நினைத்துப் பார்க்க முடியவில்லை. அவன் இல்லாமல் தனக்கு ஆகாது என்று ஐம்பத்தேழு வயதில் நடுத்தெருவில் வைத்துத் தெரிந்துகொண்டாள்.

மர்மம் அன்று சாயங்காலமே உடைந்தது. தெற்குக் கோடியில் இருக்கும் லெச்சே ஊர் நர்ஸ் ஒருத்தி, கோசிமா என்று பெயர், சார்தீனியா கப்பலுக்காகப் பெட்டியை எடுக்க வந்தவள் ஜன்னல் வழியாகக் கையை நீட்டி அர்மிதாவின் கையைக் குலுக்கினாள்.

"நல்லவேளை காலைல எச்சரிச்சீங்க அம்மா! அந்தப் பச்சைக் கதவுப் பக்கமே தலை வச்சுப் படுக்கல. கடற்கரையில படம் போட்ட மெனு வச்ச கடைக்குப் போனேன். முப்பது யூரோ, மூணு இறால். என்ன, அதுவும் ஐஸ்ல இருந்து எடுத்தது."

"எச்சரிச்சேனா? போங்கன்னுல்ல சொன்னேன்!"

"சூப்பு ஆறிப்போனது, ஆளு சிடுமூஞ்சி, ஒயினு மோசம்னு சொன்னீங்களே?"

"ஆமா! அதுக்கு அர்த்தம் போங்கன்னுதானே?"

கோசிமா அவளை ஏற இறங்கப் பார்த்தாள். "எந்த ஊர்ல அம்மா அதுக்கு அர்த்தம் அது?"

அர்மிதா பக்கத்திலிருந்த யாருடைய பெட்டிமீதோ பொத்தென்று உட்கார்ந்தாள். இருபது பேர், வாரத்துக்கு ஆறு நாள், பத்தொன்பது வருஷம். அத்தனை பேரையும் பச்சைக் கதவிலிருந்து பத்திரமாகத் திருப்பிவிட்டது அவளுடைய வாய்தான். தலையில் அடித்துக்கொண்டாள். பிறகு அடக்கமாட்டாமல் சிரித்தாள். கோசிமா பயந்துபோய்த் தண்ணீர் வாங்கிவர ஓடினாள்.

செவ்வாய்க்கிழமை காலை பாராட்டத் தொடங்கினாள். லேசான வேலையா அது? "சாப்பாடு..." என்று சொல்லித் தொண்டையைச் செருமினாள். "சாப்பாடு... ரொம்ப... நல்லாயிருக்கும்." முதுகெல்லாம் வேர்த்துவிட்டது. எதிரே நின்ற கொரியத் தம்பதி அவளுக்கு நெஞ்சுவலியோ என்று பார்த்தார்கள். ஆனாலும் போனார்கள். பெட்டியெடுக்கத் திரும்பி வந்தபோது இருவர் முகத்திலும் எண்ணெய் மினுங்கியது, அந்த அம்மாள் ஜன்னல் வழியாகவே அர்மிதாவின் கன்னத்தைத் தட்டிவிட்டுப் போனாள்.

அவ்வளவுதான், அணை திறந்துவிட்டது. புதன்கிழமை அவளுக்குப் பாராட்டுப் போதை ஏறியிருந்தது. "அந்தக் கடலைமாவு அடை இருக்கே, ஓரம் முறுமுறுன்னு, நடுவுல வெண்ணெய் மாதிரி! பெஸ்தோ சாஸ் சாப்பிட்டீங்கன்னா வீட்டு விலாசம் மறந்துடும்! ஆறின சூப்புன்னா சும்மாவா, ஆறினாத்தான் காய்களெல்லாம் ஒண்ணுக்கொண்ணு பேச ஆரம்பிக்கும்!" வியாழக்கிழமை ஜெரோலமோவின் காதுகளைக்கூட விட்டுவைக்கவில்லை, அவ்வளவு பெரிய காது இருக்கிற மனுஷன் ஏமாற்ற மாட்டான் என்றாள். கழிப்பறை எங்கே என்று மட்டும் கேட்ட ஒரு பாதிரியாரையும் வழி சொல்லிப் பச்சைக் கதவுக்கு அனுப்பிவைத்தாள். அந்த மூன்று நாளும் மதியம் ரொட்டித் துண்டைக் கடித்துக்கொண்டு ஜன்னலிலேயே இருந்தாள். ஒரு ஆளைக்கூடத் தவறவிடக் கூடாது என்ற வெறி.

வெள்ளிக்கிழமை ஒரு மணிக்குச் சந்தில் திரும்பியவளால் மேலே நடக்க முடியவில்லை. கதவிலிருந்து சந்து முனை வரை வரிசை. முழங்கையால் இடித்துக்கொண்டு உள்ளே போனால், நாலு பேர் மேஜையில் ஏழு பேர். ஒரு ஜெர்மன்காரர் தட்டுகளை ஏந்தி மேஜைமேஜையாகக் கொடுத்துக்கொண்டிருந்தார். கடையை வாங்க வந்தவர் மூன்று மணி நேரம் முன்னதாகவே வந்து, மலையேறப் போகும் இரண்டு தடிப் பையன்களுக்கு நடுவில் நசுங்கி உட்கார்ந்து, உருளைக்கிழங்கும் ஆலிவும் போட்ட கருவாட்டை ரொட்டியால் வழித்துக்கொண்டிருந்தார். விற்பனைக் காகிதங்கள் எண்ணெய்ப் புட்டிக்கு அடியில் ஊறிக்கொண்டிருந்தன.

ஜெரோலமோ அவளைக் கண்டதும் கையைப் பிடித்து அடுப்பங்கரைக்குள் இழுத்தான். முகம் தக்காளியாகச் சிவந்திருந்தது.

"செவ்வாய்க்கிழமைலேருந்து இதே கூத்து! கீரை தீந்துச்சு, முட்டை தீந்துச்சு, ஒருத்தன் என் காதைப் போட்டோ எடுக்கறான்! என்னைக் கொல்லணும்னு யாருக்கோ வேண்டுதல் போல!"

"எனக்குத்தான்."

"நீயா? அவங்ககிட்ட அப்படி என்னத்தச் சொன்ன?"

ஜன்னலுக்கு அப்பால் நிற்கிறவர்களிடம் மூன்று நாளாக அருவியாய்க் கொட்டியது இப்போது நாக்கில் ஒட்டிக்கொண்டது. அவன் முகத்தைப் பார்த்துச் சொல்வது வேறு வேலை. கொதிக்கிற சட்டியைப் பார்த்துக்கொண்டு சொன்னாள்.

"இந்த ஊர்ல உன்னை மாதிரி யாரும் சமைக்கறதில்லன்னு சொன்னேன்."

ஜெரோலமோ கரண்டியைக் கீழே வைத்தான். வெளியே யாரோ ஒயின் கேட்டுக் கத்தினார்கள். அவன் காதில் விழவில்லை.

"பத்தொன்பது வருஷமா இதை என்கிட்டச் சொல்லலையே, அர்மிதா."

"தினமும் வந்தேனேடா."

"அது தெரியும். தெரிஞ்சுதான் இத்தனை நாள் ஓட்டினேன். ஆனாலும் ஒரு தடவை உன் வாயால கேட்டிருந்தா, அந்தத் துணி துவைக்கிற ஆளுகிட்டப் பேசியே இருக்க மாட்டேன்."

விறுவிறுவென்று வெளியே போய், எண்ணெய்ப் புட்டிக்கு அடியிலிருந்து காகிதங்களை உருவி, வாங்க வந்தவரின் மடியில் வைத்தான். "மன்னிச்சுக்கோங்க ஐயா, விக்கல." அவர் வாய் நிறையக் கருவாட்டுடன் அவனை அண்ணாந்து பார்த்தார், விழுங்கினார், காலித் தட்டை நீட்டினார். "சரி, இன்னும் கொஞ்சம் இருக்கா?"

அர்மிதாவுக்கு உட்கார இடமில்லை. அடுப்போரம் நின்றபடியே, கடைசியாக மிஞ்சிய ஒரு கரண்டிக் கருவாட்டைச் சாப்பிட்டாள். ஜெரோலமோ சட்டியைக் கழுவுகிற சாக்கில் பக்கத்திலேயே நின்றான்.

"உப்பு?" என்று கேட்டான், அவளைப் பார்க்காமல்.

"சரியா இருக்கு" என்றாள்.

இருவருக்கும் வெட்கமாகப் போய்விட்டது.