அண்ணனுக்கு வாங்கிய கூடாரம்

எங்கள் குடும்பம் சைவம். முட்டையைக்கூட வீட்டுக்குள் ஏற்ற மாட்டார்கள். அப்படிப்பட்ட குடும்பத்தில் இரண்டு துப்பாக்கிகள் உண்டு. ஒன்று என் பெயரில், மற்றது பெரியப்பா மகனான அண்ணன் பெயரில். பயிரைக் காக்க என்று தலைமுறையாகப் புதுப்பித்துவரும் உரிமம். கேரள எல்லையோரத்துப் பாறசாலையில் இதைச் சொன்னால் சிரிப்பார்கள். ஒற்றசேகரமங்கலத்துக்குக் கிழக்கே, நிலம் மலையாக ஏறத் தொடங்கும் இடத்தில் இருப்பவர்கள் சிரிக்க மாட்டார்கள். அவர்களுடைய மரச்சீனி, அதாவது மரவள்ளித் தோட்டத்தைக் காட்டுப்பன்றிகள் உழுதுபோட்டுவிட்டுப் போகும். பஞ்சாயத்து அனுமதி கொடுத்து எங்களைப் போன்றவர்களைக் கூப்பிடும். சுட்ட பன்றியைத் தின்னக் கூடாது, விற்கக் கூடாது, குழி தோண்டி மண்ணெண்ணெய் ஊற்றிப் புதைக்க வேண்டும். "இது சைவக்காரங்களுக்குன்னே போட்ட சட்டமாக்கும்" என்று மலைக்காரர்கள் எங்களைக் கிண்டல் செய்வார்கள்.

மலையேறும் எங்கள் கூட்டத்தில் ஒரு வழக்கம் இருந்தது. அவனவன் சுமை அவனவன் தோளில். மூச்சு வாங்கினால் நின்று இளைப்பாறலாம், எல்லோரும் காத்திருப்போம். ஆனால் ஒருவன் பையை இன்னொருவன் வாங்கித் தூக்குவது கிடையாது. பையைக் கொடுத்தவன் மறுமுறை வருவதும் கிடையாது. யாரும் யாரையும் வராதே என்று சொன்னதில்லை. முட்டு தேய்ந்தவரும் முதுகு போனவரும் தாமாகவே ஒவ்வொருவராக நின்றுவிட்டார்கள். கடைசியில் நானும் அண்ணனும்தான் மிச்சம்.

போன வருடம் அண்ணனுக்கு நுரையீரல் சுருங்கிப்போகும் வியாதி என்று தெரிந்தது. குணமாகாது, வேகத்தைக் குறைக்கலாம் என்று டாக்டர் மலையாளத்தில் மெதுவாகச் சொன்னார். அண்ணன் அதைக் கேட்டுவிட்டு, மலை ஏறலாமா என்று ஒரே ஒரு கேள்வி கேட்டார். டாக்டர் என்னைப் பார்த்தார். நான் சுவரில் மாட்டியிருந்த காலண்டரைப் பார்த்தேன்.

வெளியே வந்து காரில் ஏறியதும் அண்ணன் சொன்னார். "எலே மக்கா, ஐப்பசித் துலாமழை முடியதுக்குள்ள ஒரு தடவ ஏறணும். எனக்க பைய நான் தூக்குவேன். தூக்க முடியாத அன்னைக்கு நான் வரமாட்டேன், நீ கூப்பிடவும் வேண்டாம்."

வேண்டாம் என்று தடுத்திருக்கலாம். தடுத்தால் அடுத்த நாளே அவர் படுக்கையில் விழுந்துவிடுவார் என்று எனக்குப் பயமாக இருந்தது. வேலையிலிருந்து ஓய்வுபெற்று, பிள்ளைகளும் வளைகுடாவுக்குப் போய்விட்ட பிறகு, அவரை எழுப்பி நடக்கவைத்தது அந்த மலை மட்டும்தான்.

மேலே நாங்கள் தங்கிவந்த காவல் குடிசையை ஆனை தள்ளிவிட்டது. எங்களிடம் இருந்த பழைய தார்ப்பாயோ நனைந்தால் பிணம்போல் கனக்கும். தங்கும் கூரையைத் தூக்குவது எப்போதும் அண்ணன் பங்கு, அரிசியும் அடுப்பும் மண்வெட்டியும் என் பங்கு. மாற்றிக்கொள்ளலாமா என்று ஒருமுறை கேட்டுவிட்டு, அவர் பார்த்த பார்வையில் வாயை மூடிக்கொண்டேன். துப்பாக்கியின் கனத்தைக் குறைக்க முடியாது, தண்ணீரையும் குறைக்க முடியாது. குறைக்க முடிந்தது கூரை ஒன்றுதான். ஆகவே புயலுக்குத் தாங்கும், ஆனால் கனமே இல்லாத ஒரு கூடாரத்தைத் தேடிப் புறப்பட்டேன்.

அந்த வேலை என்னைப் படுத்திய பாடு கொஞ்சமில்லை. போனில் பார்த்தால் வெள்ளைக்காரர்கள் பனிமலையில் மான் வேட்டைக்குப் போகிறார்கள். அவர்களுக்குக் கவலை குளிர். எங்களுக்குக் கவலை மழை, அட்டை, பிறகு மறுபடியும் மழை. ஒற்றைத் துணியில் செய்தது கையடக்கமாக இருந்தது. ஆனால் நம் ஊர்ப் புழுக்கத்தில் மூச்சுக்காற்றெல்லாம் உள்பக்கம் தண்ணீராகப் படிந்து படுத்திருப்பவன் மேல் சொட்டும். மூச்சுக்கு வியாதி உள்ளவரை அதற்குள் படுக்கவைக்க மனம் வரவில்லை. இரண்டு அடுக்குத் துணியில் காற்று புகுந்து வெளியேறும், கனமும் கூடும். கம்பிகளிலும் இதே வம்புதான். மலிவானவை காற்றில் பிளக்கும். அலுமினியக் கம்பி வளைந்து நிமிரும், விலையைக் கேட்டால்தான் நாம் வளைந்துவிடுவோம்.

திருவனந்தபுரத்துக் கடையில் இருந்த பையன் எல்லாக் கூடாரத்தையும் "சூப்பராணு" என்றான். புயல் வந்தால் எது நிற்கும் என்றேன். அவன் புயலைச் செய்தியில் பார்த்ததோடு சரி. நானே ஒவ்வொன்றாகப் பிரித்துத் தையலை இழுத்துப் பார்த்தேன். உயரமாக, உள்ளே நிற்க வசதியாக இருந்ததையெல்லாம் ஒதுக்கினேன். காற்று பிடிக்க இடம் கொடுக்காமல் தரையோடு பதுங்கி நிற்பதுதான் நல்லது. கடைசியில் ஒன்று கிடைத்தது. இரண்டடுக்கு, அலுமினியக் கம்பி, பச்சை நிறம், சுருட்டினால் சின்னத் தலையணை. ஒரு கையில் தூக்கிப் பார்த்துவிட்டு, அண்ணனால் முடியும் என்று நினைத்தேன். அன்று எனக்கிருந்த சந்தோஷத்தை நினைத்தால் இப்போது நெஞ்சு வலிக்கிறது.

அதைப் பூவாறுக்குக் கொண்டுபோய்ப் ஆறு கடலில் சேரும் பொழிமுகத்து மணலில் அடித்துப் பார்த்தோம். கடல்காற்று அன்று வல்லாத்த வேகத்தில் இருந்தது. மணலில் முளைக்குச்சி பிடிக்கவில்லை. ஒவ்வொரு முளையையும் ஆழமாகப் புதைத்து, கயிற்றை இழுத்துக் கட்டினேன். வலை காயப்போட்டுக்கொண்டிருந்தவர்கள் சினிமா எடுக்கிறோமா என்று கேட்டார்கள். கூடாரம் படபடவென்று அடித்துக்கொண்டதே தவிர நகரவில்லை. அண்ணன் உள்ளே போய்ப் படுத்தார். வெகுநேரம் வெளியே வரவில்லை.

"கொள்ளாம், நல்லா இருக்கு" என்றார் வந்ததும். "முளையும் கயிறும் இருக்கிய வரைக்கும் இது எங்கயும் போவாது, கேட்டியா."

துலாம் மாதம் பிறந்து, மழை இரண்டு நாள் ஓய்ந்திருந்தபோது பஞ்சாயத்திலிருந்து அழைப்பு வந்தது. புறப்படும்போது மைனி, அதாவது அண்ணன் மனைவி, வாசலில் வந்து நின்றார். அவர் பார்வையெல்லாம் அண்ணன் முதுகில் இருந்த பைமேல்தான். அந்தப் பைதான் அவரைக் கொல்கிறது என்று அதற்கு முன்பே பலமுறை சண்டை போட்டிருந்தார்.

ஜீப் நின்ற இடத்திலிருந்து ரப்பர் மரங்களுக்கிடையே ஏற்றம். அண்ணன் பத்தடி நடந்து நிற்பார். மரத்தைப் பிடித்துக்கொண்டு, ரப்பருக்கு வந்த விலைச்சரிவைப் பற்றி ஏதாவது சொல்வார். அவர் மூச்சு திரும்புவதற்கான பேச்சு அது என்று எனக்கும் தெரியும். நானும் விலையைப் பற்றியே பதில் சொன்னேன். முன்பு ஒரு மணி நேரத்தில் ஏறிய மலைக்கு மத்தியானம் முழுக்க ஆனது.

பாறையடியில் சமதளமான இடத்தில் பையை இறக்கும்போதே கிழக்கே இருட்டிக்கொண்டு வந்தது. சீக்கிரம் அடித்துவிடலாம் என்று கூடாரத்தை விரித்தேன். கம்பிகளைக் கோத்தேன். முளைப் பையைத் தேடினேன், இல்லை. கயிறுகள் இல்லை. அடியில் விரிக்கும் துணியும் இல்லை.

"முளை எங்க அண்ணே?"

அவர் புதர்ப்பக்கம் திரும்பிக் கம்பு தேடினார். அதற்குள் காற்று வந்துவிட்டது. கல்லைத் தூக்கி மூலைகளில் வைத்தேன். கற்களையும் புரட்டிக்கொண்டு கூடாரம் எழுந்தது. ஒரு கம்பி சடக்கென்று மடங்கியது. பறந்துபோகாமல் நான் அதன்மேல் விழுந்து பிடித்தேன். அதன்பிறகு செய்வதற்கு ஒன்றும் இல்லை. இருவரும் பாறைக்கு முதுகு கொடுத்து உட்கார்ந்து, அந்தத் துணியை இழுத்துப் போர்த்திக்கொண்டோம். இடி விழும்போதெல்லாம் மலை அதிர்ந்தது. என் தோளில் சாய்ந்திருந்த அவர் உடம்பு ஒவ்வொரு மூச்சுக்கும் தூக்கிப் போட்டது.

"மறந்துட்டியளா?" என்று கத்தினேன்.

"மறக்கல்ல. எடுத்து வீட்டுல வச்சிட்டு வந்தேன்."

"என்னத்துக்கு? ரெண்டு பேரும் சாவதுக்கா?" எனக்கு வந்தது கோபம்தான். பொய் சொல்லவில்லை. அந்த மழையில் அவரை உலுக்க வேண்டும்போல இருந்தது.

அவர் மூச்சைச் சேர்த்துச் சேர்த்துச் சொன்னார். "நேத்து பைய தூக்கிக்கிட்டு வீட்டு முத்தத்துல நடந்து பாத்தேன். வாசல் கேட்டு வரைக்கும் போவ முடியல்ல. முளைய எடுத்தேன். பின்னயும் முடியல்ல. கயித்த எடுத்தேன். அடியில விரிக்கியதயும் எடுத்தேன். அப்பம் கேட்டு வரைக்கும் போனேன். மேல வந்து கம்பு வெட்டி முளை அடிச்சிக்கிடலாம்னு நெனச்சேன் மக்கா. உனக்க கிட்ட சொன்னா நீ வாங்கித் தூக்கிப்போடுவ."

அந்த முளைகள் அத்தனையும் சேர்ந்து என் ஒரு கைப்பிடிக்குள் அடங்கும். கயிறு ஒரு சட்டைப் பைக்குள் போய்விடும். கூடாரத்தை நான் சரியாகத்தான் தேர்ந்தெடுத்திருந்தேன். ஒரு கைப்பிடி கனம்கூட அவருக்கு அதிகமாகிவிட்டது என்பது எனக்குத்தான் தெரியாமல் போயிற்று. அவர் நெஞ்சு நனையாமல் துணியை இழுத்துவிட்டேன்.

காலையில் வெயில் ஒன்றும் நடக்காததுபோல் அடித்தது. கீழே பன்றிகள் ஒரு வரி விடாமல் மரச்சீனியைத் தோண்டித் தின்றிருந்தன. தோட்டக்காரர் எங்களைப் பார்த்துவிட்டு, "சாரமில்ல, போட்டும்" என்றார். அவர் அப்படிச் சொல்லாமல் திட்டியிருக்கலாம்.

ஈரக் கூடாரத்தைச் சுருட்டி அண்ணன் பையில் திணித்தேன். அவர் முகத்தைப் பார்க்காமல் அந்தப் பையை எடுத்து என் முன்பக்கம் மாட்டிக்கொண்டேன். வேண்டாம் என்று ஒரு வார்த்தை வரும், பையைப் பிடித்து இழுப்பார், சண்டை போடுவார் என்று காத்திருந்தேன். அவர் துப்பாக்கியை மட்டும் எடுத்துக்கொண்டார். "லைசன்சு எனக்க பேருல இருக்கியதினால" என்று சொல்லிச் சிரிக்கப் பார்த்தார். பிறகு முன்னால் இறங்கி நடந்தார்.

வீட்டு வாசலில் ஜீப் நின்றபோது மைனி வெளியே வந்தார். தோளில் பையில்லாமல் துப்பாக்கியோடு மட்டும் இறங்கிய அண்ணனைப் பார்த்தார், பிறகு என்னைப் பார்த்தார். அண்ணன் அவரைக் கடந்து உள்ளே போய் நாற்காலியில் உட்கார்ந்தார். அவர் மூச்சு இழுக்கும் சத்தம் வாசல்வரை கேட்டது.

"இங்க கொண்டாங்க தம்பி" என்று மைனி பைக்குக் கை நீட்டினார். பெரிய கனத்தை வாங்கப்போகிறவர்போல் காலை ஊன்றி, இரண்டு கையாலும் பிடித்தார். நான் விட்டதும் பை அவர் நெஞ்சுவரை துள்ளி எழுந்தது. அவர் அதைத் தாழ்த்தி, ஒரு கைக்கு மாற்றி, மறுபடியும் தூக்கிப் பார்த்தார்.

"இவ்வளவுதானா?" என்றார்.