ஜில்லாவுக்கு ஒரு பேட்ஜ்

எழும்பூர் பாசஞ்சர் திண்டிவனத்தில் மூன்று நிமிஷம் நிற்கும். சென்னையில் சங்கக் கூட்டம் நடக்கிற நாட்களில் எல்லாம் பத்திர எழுத்தர் விருத்தாசலம், பாதி எழுதின கிரயப் பத்திரத்தை அப்படியே போட்டுவிட்டு, பிளாட்பாரத்துக்கு வந்துவிடுவார். வழியனுப்ப அவருக்கு யாரும் இல்லை. மூன்றாவது பெட்டி ஜன்னலோரத்தில் விழுப்புரம் இன்னாசிராஜ் நீலக் கோட்டு போட்டுக்கொண்டு உட்கார்ந்திருப்பார். அதைக் கண்ணாரப் பார்த்து, வயிறு எரிந்து, வீடு திரும்ப வேண்டும். அதற்குத்தான் வருவார். இப்படியும் ஒரு மனுஷன் உண்டா என்று கேட்காதீர்கள். பல் வலிக்கிறவன் நாக்கு அந்தப் பல்லிடம்தானே போகிறது.

கோட்டின் மேல் அவருக்கு ஆசையில்லை. கோட்டு என்றால் செஞ்சி ரோட்டுத் தையல்காரரிடம் கொடுத்தால் ஒரு வாரத்தில் வந்துவிடும். இடது பக்கப் பையின் மேல் தைத்திருந்த பேட்ஜ்தான் அவரைப் படுத்தியது. சென்னையில் இருந்த மாநில ஒலிம்பிக் சங்கம் ஜில்லாவுக்கு ஒன்று என்று கொடுத்தது அது. ஜில்லாவின் பிரதிநிதி யாரோ அவர் தன் கோட்டில் தைத்துக்கொள்ளலாம். பதவி போனால் நூலைப் பிரித்து, அடுத்தவரிடம் ஒப்படைக்க வேண்டும். இரண்டாவது பேட்ஜ் கிடையாது. இரண்டாவது ஓட்டும் கிடையாது.

விருத்தாசலம் வாழ்நாளில் ஐம்பது கெஜம் சேர்ந்தாற்போல் ஓடினவர் இல்லை. பள்ளிக்கூடத்தில் கபடி ஆடப்போய் முதல் நாளே முழங்கை பிசகி வந்தவர். ஆனால் ஐம்பத்து மூன்றாம் வருஷம் வி.பி.பி.யில் ஒரு விதிப்புத்தகம் வரவழைத்தார். அன்றைக்குப் பிடித்தது பைத்தியம். சப்ரிஜிஸ்திரார் ஆபீசு வேப்பமரத்தடியில், பத்திரம் எழுத வந்த குடியானவர்களை உட்கார வைத்துக்கொண்டு, நான்கெல்லை சொல்லுகிற மாதிரியே சொல்வார்:

"கீழ இருந்து வாங்க. ஊர் கிளப்பு. ஊர் கிளப்பு எல்லாம் சேர்ந்து ஜில்லா சங்கம். ஜில்லா சங்கங்க சேர்ந்து மாநில சங்கம். மாநில சங்கங்களும், ஹாக்கிக்கு ஒண்ணு, குஸ்திக்கு ஒண்ணுன்னு ஆட்டத்துக்கு ஒரு சம்மேளனமும் சேர்ந்து ஓட்டுப் போட்டாத்தான் தேசிய ஒலிம்பிக் கமிட்டி. அதுக்கு மேல ஸ்விட்சர்லாந்துல இருக்கற உலகக் கமிட்டி. மொத்தம் அஞ்சு படிதான். நாட்டுக்கு ஒரே கமிட்டி, ஜில்லாவுக்கு ஒரே சங்கம். ஒருத்தருக்கும் சம்பளம் கெடையாது, எல்லாம் கௌரவம். மந்திரியே வந்தாலும் உள்ள நுழைய முடியாது, தெரிமா? கவர்மெண்டு கைய வெச்சா நாட்டையே தள்ளி வெச்சுடுவான் சுவிஸ்காரன்."

"அப்ப எம் பத்திரம்?" என்று கேட்பார் வந்தவர்.

ஜில்லா சங்கத்துக்குச் சட்டதிட்டம் எழுதிக் கொடுத்தவரும் அவர்தான். நாற்பத்தொரு விதி. தென்னார்க்காடு ஜில்லாவில் அந்த நாற்பத்தொன்றையும் படித்த ஒரே ஆத்மா அவர். எழுதினவனுக்குத்தான் முதல் பிரதிநிதி பதவி வரும் என்று நம்பிக்கொண்டிருந்தார். ஐம்பத்தேழில் தேர்தல் வந்தது. பதினேழு கிளப்புகள். ஓட்டு எண்ணினபோது இன்னாசிராஜுக்குப் பதினொன்று, இவருக்கு ஆறு.

இன்னாசிராஜ் விழுப்புரம் ரயில்வேயில் பிட்டர். திருவெண்ணெய்நல்லூர் முதல் கிளியனூர் வரை சைக்கிளிலும் பஸ்ஸிலும் போய், வரப்பில் உட்கார்ந்து ஆட்டம் பார்த்து, கொடுத்த கேப்பைக் கூழைக் குடித்து, ஆடுகிறவன் பெயரெல்லாம் தெரிந்து வைத்திருந்தார். விருத்தாசலம் அதே பதினேழு கிளப்புக்கும் விதி எண் போட்டுச் சுற்றறிக்கை அனுப்பியிருந்தார். தோற்றதற்கு அவர் கண்டுபிடித்த காரணம் வேறு. ரயில்வேக்காரனுக்கு ஓசி பாஸ் இருக்கிறது, நினைத்தபோது பட்டணம் போகிறான், நமக்கு அது இல்லை. நாலு வருஷம் அந்த பாஸை நினைத்து நினைத்தே அவருக்குச் சோறு இறங்கவில்லை.

அவர் மனைவி கெங்கம்மாள் ஒலக்கூர்ப் பெண். அவள் தம்பி பெரியதம்பி ஐயாயிரம் மீட்டர் ஓடுகிறவன். விடிந்தால் ஒலக்கூரிலிருந்து தண்டவாளத்தை ஒட்டிய பாதையில் திண்டிவனம் வரை ஓடிவந்து, அக்காள் கையால் ஒரு சொம்பு மோர் குடித்துவிட்டு, நிலக்கடலை போட்டிருந்த மல்லாட்டைக் கொல்லைக்குத் திரும்பி ஓடுவான். அறுபதில் மாநிலப் போட்டியில் நாலாவதாக வந்தான். முதல் மூன்று பேரைத்தான் மாநில அணிக்கு எடுப்பார்கள். வயசு இருபத்தேழு. வருகிற தையில் கல்யாணம். அறுபத்தொன்றை விட்டால் அவனுக்கு வேறு வருஷம் கிடையாது என்று அவனுக்கும் தெரியும், அக்காளுக்கும் தெரியும்.

அந்த வருஷம் ஜில்லாப் போட்டிக்கு நல்ல மைதானம் கிடைக்காமல் இன்னாசிராஜ் அலைந்தார். கடைசியில் பெரிய அதிகாரி ஒருவரை, அவர் வகிக்கிற உத்தியோகத்தின் பேரிலேயே, சங்கத்துக்குத் தலைவராகப் போட்டுவிட்டார். மறுநாளே மைதானம் கிடைத்தது. ஓடுபாதைக்குச் சுண்ணாம்புக் கோடு கூட அவர்களே போட்டுக் கொடுத்தார்கள். தீர்மானம் நிறைவேறின கூட்டத்தில் விருத்தாசலமும் இருந்தார். விதி பதினான்கு, உட்பிரிவு (இ): அரசாங்க உத்தியோகத்தின் பேரில் எவரும் சங்கப் பதவி வகிக்கலாகாது. தானே எழுதின வரி. எழுந்து நின்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. கரும்பைக் கண்ட குழந்தைபோல் உள்ளுக்குள் ஒரு சந்தோஷம் வந்தது. கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

மறுநாள் மத்தியானம், கெங்கம்மாள் தண்ணீருக்குப் போயிருந்த நேரம் பார்த்து, சென்னைச் சங்கத்துக்கு ஒரு மொட்டைக் கடுதாசி எழுதினார். கையெழுத்துத் தெரியக்கூடாது என்று இடது கையால் எழுதினார். ஒரு பக்கம் எழுத ஒன்றரை மணி நேரம் ஆயிற்று, தோள்பட்டை கழன்றது. 'ஓர் உண்மை விளையாட்டு அன்பன்' என்று முடித்து, ஒட்டி, தபாலில் போட்டார். அன்று ராத்திரி, நாலு வருஷத்தில் முதல் முறையாக, மறுசோறு கேட்டு வாங்கிச் சாப்பிட்டார்.

பிரதிநிதியை மட்டும் தூக்குவார்கள், பேட்ஜ் தானாக நடந்து வரும் என்பது அவர் கணக்கு. பத்தே நாளில் பதில் வந்தது. தென்னார்க்காடு ஜில்லா சங்கத்தின் இணைப்பே நிறுத்தி வைக்கப்பட்டது. விதி முப்பத்தொன்றின்படி, இணைப்பு இல்லாத ஜில்லாவின் வீரர்கள் யாரும் மாநிலப் போட்டியில் சேர்த்துக்கொள்ளப்பட மாட்டார்கள். போட்டிக்கு இருபத்திரண்டு நாள் இருந்தது.

முப்பத்தொன்றும் அவருக்கு மனப்பாடம்தான். எழுதுகிற அன்றைக்கு அந்தப் பக்கம் அவர் ஞாபகத்துக்கு வரவேயில்லை. பொறாமைக்காரனுக்கு ஒரு பக்கம்தான் படிக்கத் தெரியும்.

பெரியதம்பி அன்றைக்கும் ஓடித்தான் வந்தான். மோர்ச் சொம்பைக் கையில் வாங்காமல் வாசற்படியில் உட்கார்ந்தான்.

"எந்தப் பாவியோ மொட்டைக் கடுதாசி போட்டானாம் மாமா. ஜில்லாவையே தள்ளிப்புட்டாங்க. இனிமே நான் எதுக்கு ஓடிக்கினு?"

விருத்தாசலம் விதிப்புத்தகத்தைத் தேடுகிறவர் போல அலமாரிப் பக்கம் திரும்பிக்கொண்டார். கெங்கம்மாள் அவர் முதுகையே பார்த்தாள். இருபது வருஷம் பார்த்த முதுகு. தம்பி தெருமுனை தாண்டுகிற வரை பொறுத்திருந்தாள்.

"நீங்கதானே?" என்றாள் பிறகு.

அவர் அலமாரியில் புத்தகங்களை அடுக்க ஆரம்பித்தார்.

"அன்னிக்கு எடது தோளு நோவுதுன்னு எண்ணெய் தேய்க்கச் சொன்னீங்களே, அப்பவே இன்னாடா இதுன்னு நெனச்சேன். மூக்கறுந்தாலும் எதிரிக்குச் சகுனத்தடை ஆவணும்னு சொல்லுவாங்க. நீங்க உங்க மூக்கக்கூட அறுத்துக்கல. எந்தம்பி மூக்கை அறுத்துப்புட்டீங்க."

மறுநாள் காலை பாசஞ்சரில் இன்னாசிராஜே வந்து இறங்கினார். கோட்டு இல்லை. காக்கிச் சட்டையில் எண்ணெய்க் கறையோடு நேரே வேப்பமரத்தடிக்கு வந்து பலகையில் உட்கார்ந்தார். சட்டைப் பையிலிருந்து ஒரு காகிதத்தை எடுத்து மேஜைமேல் விரித்தார். விளக்கம் கேட்டுச் சென்னையிலிருந்து அனுப்பியிருந்த மொட்டைக் கடுதாசி. கோணல்மாணல் எழுத்தில் 'மேற்படி சங்கத்தின் விதி 14, உட்பிரிவு (இ)' என்று அது பல்லை இளித்தது. கையெழுத்தை மறைக்க அத்தனை பாடுபட்டவர், இந்த ஜில்லாவில் விதிக்கு எண் சொல்லத் தெரிந்தவர் ஒருத்தர்தான் என்பதை மறந்துவிட்டிருந்தார். 'மேற்படி' வேறு நாலு இடத்தில்.

"யாரு எழுதினதுன்னு கேக்க நான் வரல சார்," என்றார் இன்னாசிராஜ். "எழுதினது ஞாயந்தான். கிரவுண்டு கெடைக்குமேன்னு ஆபீசர தலைவராப் போட்டது என் தப்பு. நீங்க அன்னிக்குக் கூட்டத்துலயே எழுந்து ஒரு வார்த்த சொல்லியிருந்தா அப்பவே உட்டிருப்பேன். போவட்டும். இப்ப பசங்க ஓடணும். அதுக்கு விதியில வழி இருக்குதா?"

இருந்தது. முப்பத்திரண்டு. தப்புச் செய்த நிர்வாகம் முழுக்க ராஜினாமா செய்து, பதினாலு நாள் நோட்டீஸில் விசேஷப் பொதுக்கூட்டம் கூட்டி, புது நிர்வாகம் தேர்ந்தெடுத்தால் இணைப்பைத் திரும்பக் கொடுக்கலாம். விருத்தாசலம் புத்தகம் பார்க்காமலே சொன்னார்.

"அப்ப ஜல்தியா ராஜினாமாவ நீங்களே எழுதிடுங்க சார். நான் எழுதினா எதனா தப்பு வந்து மறுபடியும் பேஜாரு. உங்க எழுத்துன்னா கோர்ட்டுலயும் நிக்கும்."

எதிரில் உட்கார்ந்து ஒரு அறை விட்டிருந்தால் விருத்தாசலம் தாங்கியிருப்பார். நாலு வருஷமாக எந்தக் காகிதத்துக்கு ஏங்கினாரோ அதைத் தன் வலது கையால், மணிமணியான எழுத்தில், அவரே எழுதினார். இன்னாசிராஜ் படித்துப் பார்க்காமல் கையெழுத்துப் போட்டார். போட்டுவிட்டு, "ஆபீசர்கிட்டயும் மத்த கமிட்டிக்காரங்ககிட்டயும் நான் பேசி வாங்கியாந்துடறேன். பெரியதம்பிய இடுப்புல ஈரத்துணி போட்டுக்கினு ஓடச் சொல்லுங்க. கடைசி ரவுண்டுல அவனுக்கு அங்கதான் புடிக்குது," என்றார்.

அப்போதும் விருத்தாசலத்துக்கு என்ன தோன்றியது தெரியுமா? நம் மச்சானுக்கு எங்கே பிடிக்கிறது என்பது இவனுக்கு எப்படித் தெரியும் என்று எரிச்சல். அந்த மனுஷனை என்ன செய்வது.

பதினைந்தாம் நாள் கூட்டம். நிற்க ஆள் இல்லாமல் விருத்தாசலம் போட்டியின்றிப் பிரதிநிதியானார். கைதட்டல் இருந்தது, மழைக்கால வெயில் மாதிரி. ஒரு வாரம் கழித்துப் பெரியதம்பி சென்னையில் இரண்டாவதாக வந்து மாநில அணியில் சேர்ந்தான். ஊர் திரும்பினவன் நேரே விழுப்புரம் போய் இன்னாசிராஜ் வீட்டில் சாப்பிட்டுவிட்டு, அடுத்த நாள்தான் அக்காள் வீட்டுக்கு வந்தான். மொட்டைக் கடுதாசி யாருடையது என்று அவனுக்கு எவரும் சொல்லவில்லை. கெங்கம்மாளும் சொல்லவில்லை.

பேட்ஜ் ஒரு பழுப்புக் கவரில் வந்தது. ஓரத்தில் பிரித்த நூல் ஒன்றிரண்டு ஒட்டிக்கொண்டிருந்தன. புதிதாகத் தைத்த கோட்டையும் பேட்ஜையும் கெங்கம்மாளிடம் நீட்டினார்.

"நீங்களே தெச்சுக்கங்க," என்று அவள் அடுப்பங்கரைக்குப் போய்விட்டாள்.

அவரே தைத்தார். கொஞ்சம் சாய்ந்து போயிற்று.

சென்னைக் கூட்டத்தில் பெயர் கூப்பிட்டார்கள். 'தென்னார்க்காடு' என்றதும் எழுந்து 'ஆஜர்' என்றார். வீட்டில் எத்தனையோ தடவை சொல்லிப் பார்த்த வார்த்தை. பக்கத்து ஜில்லாக்காரர் காதருகே வந்து, "இன்னாசிராஜ் எங்க சார், ஒடம்பு நல்லா இருக்குதா?" என்றார். எதிர் வரிசைக்காரரும் கேட்டார். தேநீர் கொண்டுவந்தவரும் கேட்டார்.

தலைவர் முதல் தீர்மானத்தை வாசித்தார். வீரர்கள் ஓட வேண்டும் என்பதற்காகத் தாமாகப் பதவியைத் துறந்த திரு. இன்னாசிராஜுக்கு இச்சபை நன்றி தெரிவிக்கிறது. மரபுப்படி அந்த ஜில்லாவின் பிரதிநிதிதான் முன்மொழிய வேண்டும். சபை முழுக்க விருத்தாசலத்தைப் பார்த்தது. நாலு வருஷம் ஏங்கி வாங்கின ஓட்டு. அதன் முதல் உபயோகம் இது. கையைத் தூக்கினார். கோட்டு இழுத்துக்கொண்டதில் பேட்ஜின் ஒரு மூலை தையல் விட்டது. தீர்மானம் ஏகமனதாக நிறைவேறியது. கைதட்டல் அடங்க வெகுநேரம் ஆயிற்று. தனக்கு இப்படி ஒரு கைதட்டல் இந்த ஜென்மத்தில் கிடைக்காது என்று அவருக்கு நிச்சயமாகத் தெரிந்தது. பேட்ஜ் தன் மார்பில் இருக்கும்போதும் அவருக்கு அந்தப் பிட்டர்மேல்தான் பொறாமையாக இருந்தது.

சாயங்கால பாசஞ்சர் திண்டிவனத்தில் வந்து நின்றது. அவர் உடனே இறங்கவில்லை. மூன்றாவது பெட்டியில், ஜன்னலோரத்தில், கோட்டின் இடது பக்கம் தெரிகிற மாதிரி திரும்பி உட்கார்ந்து பிளாட்பாரத்தை இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரை பார்த்தார். முறுக்கு விற்கிறவர் போனார். போர்ட்டர் ஒருவர் மூட்டையை இழுத்துக்கொண்டு போனார். அவரைப் பார்த்து வயிறெரிய ஒருத்தரும் வந்து நிற்கவில்லை. கார்டு விசில் ஊதினதும் அவசரமாக எழுந்து இறங்கினார்.