பாஸ்கரனுக்கு மண்டபத்தில் இடமுண்டா?

டொட் மெட்ரிக்ஸ் பிரின்டர் ஓடும்போது மேசையே நடுங்கும். கர்ர்... கர்ர்... ஓரத்தில் துளை போட்ட தாள் மடிந்து மடிந்து தரையில் விழும். ரிப்பன் மை விரலில் பட்டால் சோறு சாப்பிடும்போதும் அந்த மணம் போகாது.

தொண்ணூறுகளின் கடைசி, யுத்த காலம். கண்டி டவுனில் ஒரு சப்பாத்துக் கடைக்கு மேல்மாடியில் இருந்த கொம்பியூட்டர் வகுப்பில் எனக்கு முதல் வேலை. ஃபோன், டைப்பிங், பிள்ளைகளைப் பதிவது எல்லாம் நான்தான். படிப்பிக்க இரண்டு பேர். மடவளையிலிருந்து பஸ்ஸில் வரும் றிஸ்வி. யாழ்ப்பாணத்திலிருந்து வந்து அறை எடுத்துத் தங்கியிருந்த நேசன். மூவருக்கும் ஏறக்குறைய ஒரே வயது.

றிஸ்வி சொந்தமாக ஒரு புரோகிராம் எழுதியிருந்தார். ஃபுட்போல் லீக். படம் எல்லாம் கிடையாது... எழுத்து மட்டும்தான். யார் கோல் அடித்தார், யாருக்குக் காயம் என்று கொம்பியூட்டரே தீர்மானிக்கும். வீரர்களுக்கு வயது ஏறும். முப்பத்தைந்தானால் ரிட்டயர். இரண்டு பகல் சாப்பாட்டு நேரத்தில் ஒரு சீசன் முடிந்துவிடும்.

பெயர் வைப்பது எங்கள் வேலை. றிஸ்வி தன் பஸ் நிற்கும் இடங்களின் பெயர்களை வைத்தார். "கட்டுகஸ்தோட்டை கோல் அடித்தார்" என்று திரையில் வரும்போது சிரிப்பு தாங்காது. நான் என் பெரியம்மா பிள்ளைகளை இறக்கினேன். நேசன் வைத்தவை சாதாரணப் பெயர்கள்... ரமணன், ஜெயசீலன், பாஸ்கரன். யார் என்று நாங்கள் கேட்கவில்லை.

ரிட்டயர் ஆனவர்கள் கூடியதும், சிறந்த ஐந்து பேருக்கு ஒரு 'புகழ் மண்டபம்' வைப்போம் என்றார் றிஸ்வி. மூவரும் சம்மதித்தால்தான் உள்ளே. நான்கு பேர் சட்டென்று முடிவானார்கள். ஐந்தாவது இடத்துக்கு நேசன் தன் கோல் கீப்பர் பாஸ்கரனைச் சொன்னார்.

"நாப்பத்தொரு மெட்ச்தான் ஆடி ஈக்காரு. அதுல பாதி தோல்வி. எப்பிடி மச்சான் உள்ளுக்கு எடுக்கிற?" என்றார் றிஸ்வி.

"காயம் வந்ததுக்கு அவன் என்ன செய்யிறது? அவன் நல்ல கீப்பர்."

"கொம்பியூட்டர் அப்பிடிச் சொல்லல்லயே."

இரண்டு சனிக்கிழமைகள் இதே வாக்குவாதம். நானும் றிஸ்வி பக்கம்தான் நின்றேன். மூன்றாவது சனிக்கிழமை றிஸ்விக்குப் பொறுமை போய்விட்டது. "சும்மா ஒரு பேருக்கு இவ்வளவு பிடிவாதமா?"

நேசன் சாப்பாட்டுப் பார்சலைப் பிரிக்காமலே எழுந்தார். ரிட்டயர் ஆனவர்களின் லிஸ்டைப் பையில் மடித்து வைத்துக்கொண்டு இறங்கிப் போய்விட்டார்.

ஒரு மணித்தியாலம் இருக்கும். ஃபோன் அடித்தது. பொலிஸ். இப்படி ஒருவர் உங்களிடம் வேலை செய்கிறாரா என்று சிங்களத்தில் கேட்டார்கள். செக் பொயின்ட்டில் பையைத் திறந்திருக்கிறார்கள். உள்ளே தமிழ்ப் பெயர்கள், ஊர்ப் பெயர்கள். பக்கத்தில் 'அட்டாக்', 'டிஃபென்ஸ்' என்று நம்பர்கள்... அதுவும் யாழ்ப்பாண அடையாள அட்டைக்காரர் கையில்.

றிஸ்வி பழைய சீசன் தாள்களையெல்லாம் ஒரு பையில் அள்ளித் திணித்தார். த்ரீவீலர் பிடித்து இருவரும் ஓடினோம்.

நேசன் ஒரு வாங்கில் உட்கார்ந்திருந்தார். இன்ஸ்பெக்டர் மேசையில் லிஸ்டை விரித்து வைத்திருந்தார்.

"கவுத மே கட்டுகஸ்தோட்ட?" யார் இந்தக் கட்டுகஸ்தோட்டை?

"ஃபோர்வர்ட், சேர்" என்றார் றிஸ்வி. வேறு நேரமென்றால் நான் விழுந்து விழுந்து சிரித்திருப்பேன்.

தாள் தாளாகக் காட்டி விளங்கப்படுத்தினார். இன்ஸ்பெக்டரின் முகம் கொஞ்சம் இளகியது. பிறகு விரல் நேசனின் பெயர்களுக்கு வந்தது. இவை ஊர்கள் இல்லையே... ஆட்கள் எங்கே?

நேசனுக்குச் சிங்களம் போதாது. நான்தான் மொழிபெயர்த்தேன்.

"என்னோட படிச்ச பெடியள். ரமணன் கனடாவில. ஜெயசீலன் லண்டன்ல."

விரல் பாஸ்கரனில் நின்றது. நேசன் என்னைப் பார்த்தார்.

"தெரியேல்ல செல்வி. நாலு வருசமா ஒரு தகவலும் இல்ல."

அந்தக் காலத்தில், அந்த இடத்தில், 'தெரியாது' என்று ஒரு பதில் கிடையாது; 'இயக்கத்தில்' என்றுதான் எழுதிக்கொள்வார்கள்.

"அவரும் கனடாவில்தான், சேர்" என்றேன் சிங்களத்தில்.

கனடா என்ற சொல் நேசனுக்கும் விளங்கியது. தலையைக் குனிந்துகொண்டார். இன்ஸ்பெக்டர் கொஞ்ச நேரம் என்னையே பார்த்தார். பிறகு லிஸ்டை மடித்துக் கொடுத்து, இதையெல்லாம் ரோட்டில் கொண்டு திரிய வேண்டாம் என்று அனுப்பிவிட்டார்.

வாவிக்கரை வழியாக நடந்து வந்தோம்.

"அவனக் கனடாவுக்கு அனுப்பினதுக்கு தேங்க்ஸ்" என்றார் நேசன். எனக்கு அழுகை வந்துவிட்டது.

"எங்களுக்குச் சொல்லி ஈக்கலாமே மச்சான்..." றிஸ்வி அவர் தோளைப் பிடித்தார். "அஞ்சாவது இடம் பாஸ்கரனுக்குத்தான். முடிஞ்சி."

"வேண்டாம். மண்டபத்தில இருக்கிறவை எல்லாம் ஆடி முடிஞ்ச ஆக்கள். அவன ரிட்டயர் லிஸ்டில வைக்காதேங்கோ... அது போதும்."

திங்கட்கிழமை றிஸ்வி பகல் சாப்பாட்டுக்குப் போகவில்லை. புரோகிராமில் ஏதோ மாற்றிக்கொண்டிருந்தார். அடுத்த சீசனில் பாஸ்கரன் மறுபடி கோலுக்குள் நின்றார். வயது முப்பத்துநான்கு. அதற்குப் பிறகு எத்தனை சீசன் போனாலும் அதே முப்பத்துநான்குதான். நிறைய கோல் விட்டார். ஒருவரும் ஒன்றும் சொல்லவில்லை. ஐந்தாவது இடத்தைக் கடைசிவரை நாங்கள் நிரப்பவே இல்லை.

இப்போது றிஸ்வி கட்டாரில். நேசன் உண்மையிலேயே கனடாவில். போன புதிதில் அங்கும் பாஸ்கரனைப் பற்றி விசாரித்துப் பார்த்தாராம்... நான் கண்டியிலேயே இருக்கிறேன். அதே ரோட்டில் தினமும் போகிறேன். பையை யாரும் திறப்பதில்லை. அது எவ்வளவு பெரிய நிம்மதி என்று அனுபவித்தவர்களுக்குத் தெரியும்.

போன கிழமை றிஸ்வியின் மகன் எங்கள் வட்ஸ்அப் குரூப்புக்கு ஒரு லிங்க் அனுப்பினான். அவன் ஃபோனில் ஆடும் ஃபுட்போல் லீக்கில், ரிட்டயர் ஆன வீரர்களில் யார் பெரியவர் என்று வாக்கெடுப்பாம். அச்சு அசலாக மனித முகங்கள், வேர்வை கூடத் தெரிகிறது. ஐந்து நிமிடத்தில் மூவரும் வாக்களித்துவிட்டோம். ஒருவரோடொருவர் ஒரு வார்த்தை பேச வேண்டியிருக்கவில்லை.

நான் யாருக்குப் போட்டேன் என்று இப்போது கேட்டால்... ஞாபகம் இல்லை.