துர்கா அக்கா கூப்பிட இருந்த பெயர்

எங்கள் வீட்டில் கடவுள் இருக்கிறாரா இல்லையா என்பது இன்னும் முடிவாகவில்லை. நான் மருமகளாக வந்த பதினோரு வருஷத்தில் சேலையூரில் எத்தனையோ அபார்ட்மெண்ட் எழும்பிவிட்டது, இந்தப் பேச்சு மட்டும் அதே இடத்தில் நிற்கிறது.

ஒரு பக்கம் என் கணவரின் அண்ணன் எத்திராஜ் மாமா. கேம்ப் ரோட்டில் ஹார்டுவேர் கடை, சனிக்கிழமை தவறாமல் திருநீர்மலைப் பெருமாள் கோயில். இன்னொரு பக்கம் என் வீட்டுக்காரர் தனசேகர், பிசிக்ஸ் வாத்தியார். சோறு போட்டதும் ஆரம்பித்துவிடுவார்கள்.

“உலகமே வெடிச்சுதான் வந்துதுன்றியே, அந்த வெடியைப் பத்த வெச்சது யாருடா?”

“அப்போ பெருமாளை யாருண்ணா படைச்சது?”

ரசம் ஆறிப்போகும். கரண்டியோடு நிற்பது மாமாவின் மனைவி துர்கா அக்கா. அவரைப் பற்றித்தான் சொல்ல வந்தேன். அதிலும் இவர்கள் இருவரும் முந்திக்கொண்டார்கள், பாருங்கள்.

அக்கா ஊரப்பாக்கத்துக்காரர். கடையில் எந்த ஸ்க்ரூ எந்த டப்பாவில் என்று மாமாவுக்கே அவர்தான் எடுத்துச்சொல்ல வேண்டும். அதிர்ந்து பேச மாட்டார். கல்யாணமாகி ஒன்பது வருஷம் கழித்துத் தமிழினி பிறந்தாள். பெருமாள் கொடுத்தது என்றார் மாமா. டாக்டர் போட்ட ஊசி என்றார் இவர். பத்து மாதம் சுமந்தவரை ஒருவரும் சேர்த்துக்கொள்ளவில்லை.

குழந்தைக்கு ஒரு வயதிருக்கும்போது ஒரு நாள் தட்டு விழுந்து எல்லோரும் திரும்பினோம், தமிழினி திரும்பவில்லை. அவளுக்குக் காது கேட்காது என்று டெஸ்டில் தெரிந்தது. மாமா போன ஜென்ம வினை என்றார். இவர் ஜீன் என்று தாளில் படம் போட்டு விளக்கினார்.

“இப்போ இன்னா பண்றது, அதச் சொல்லுங்க,” என்றார் அக்கா. மாமா பஞ்சாங்கத்தைத் தேடினார், இவர் இன்னொரு தாளை.

காதுக்குள் கருவி வைக்கும் ஆபரேஷன் இருக்கிறது, சீக்கிரம் செய்தால்தான் பேச்சு வரும் என்று அலைந்து திரிந்து கண்டுபிடித்தது அக்காதான். என் வீட்டுக்காரர் சும்மா இருந்திருக்கலாம். “பாத்தியா, பெருமாளால முடியாதது சயின்ஸால முடியும்,” என்று ஆடினார். உடனே மாமா, ஒரு மண்டலம் விரதம் முடியாமல் கையெழுத்துப் போட மாட்டேன் என்று முறுக்கிக்கொண்டார். நாற்பத்தெட்டு நாள் வீணாய்ப் போயிற்று.

ஆபரேஷன் முடிந்து மூன்று வாரம் கழித்துத்தான் மிஷினை ஆன் செய்வார்கள். அந்த மூன்று வாரமும் அக்கா சமையலறையில் ஒத்திகை பார்த்தார். “தமிழினி.” மெதுவாக, கொஞ்சம் இழுத்து.

“இவ காதுல விழற மொத சத்தம் இவ பேரா இருக்கணும் தீபா. நான் கூப்பிடணும். வேற எதுவும் வேணாம் எனக்கு.”

அந்த நாளும் வந்தது. ஆஸ்பத்திரியில் மிஷினை ஆன் செய்யும் மேடம், உள்ளே வைத்த கருவிக்குச் சத்தத்தை அனுப்பும் ‘காயில்’ என்ற வட்டமான வில்லையைக் குழந்தையின் காதுக்குப் பின்னால் ஒட்டவைத்து, லேப்டாப்பில் எதையோ தட்டினார். “எல்லாரும் அமைதியா இருங்க. நான் கை காட்டினதும் அம்மா கூப்பிடுங்க.” அக்கா உதட்டை ஈரப்படுத்திக்கொண்டார்.

மாமா பையிலிருந்து துளசியை எடுத்துக் குழந்தையின் தலையில் வைத்தார். “பெருமாளே, எல்லாம் நீதான்…”

“அண்ணா, இங்கயுமா? இது கரண்ட்டு.”

“கரண்ட்டைக் குடுத்தது யாருடா?”

மேடத்தின் கை எப்போது உயர்ந்தது என்று நான் பார்க்கவில்லை. தமிழினி தூக்கிவாரிப்போட்டு அலறினாள். காயிலைப் பிடுங்கி எறிந்தாள்.

“கேக்குது!” என்று இருவரும் சேர்ந்து கத்தினார்கள். அதில் மட்டும் ஒத்துப்போனார்கள், பாவிகள்.

“வெளிய போங்க,” என்றார் அக்கா. அவர் குரல் அவ்வளவு உயர்ந்து நான் கேட்டதில்லை. “ரெண்டு பேரும் வெளிய போங்க!”

போனார்கள். கால் மணி நேரம் தோளில் போட்டுத் தட்டியதில் குழந்தை அடங்கினாள். மேடம் காயிலை மறுபடி ஒட்டிவிட்டுக் கை காட்டினார். அக்கா வாயைத் திறந்தார்.

“என் குரலுக்குத்தான்டா அழுதா!” என்று வராந்தாவில் மாமா. “ஒலி அலைக்கு அழுதாண்ணா!” என்று இவர். தமிழினி பயந்துபோய்க் கதவைப் பார்த்தாள்.

அக்கா தன் கையாலேயே காயிலை எடுத்துவிட்டார்.

“அவங்க பேசி முடிச்சிடட்டும் மேடம். அப்புறமா கூப்பிட்டுக்கறேன்.”

மேடம் என்னைப் பார்த்து, “எவ்ளோ நேரம் ஆகும்?” என்று கேட்டார்.